டீச்சர், இதை ஏஐ எழுதித் தரலாமா? எல்லையோரத் தமிழ்ப் பள்ளியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நான் தமிழ் ஆசிரியை. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், ஊர்ப்பலகையில் இரண்டும் என்று வளரும் பிள்ளைகள் எங்களுடையவர்கள். ஏஐ என்கிற செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்திலும், வகுப்பிலும், ஆசிரியர் அறையிலும் ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

அசைன்மென்டை ஏஐயிடம் கேட்டு எழுதினால் அது காப்பியா?

அந்த அசைன்மென்ட் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். பிள்ளை எழுதிப் பழகட்டும் என்று கொடுத்த வேலையை இன்னொன்று எழுதித் தந்தால், அது அண்ணன் எழுதித் தருவதும் ஒன்றுதான், போன் எழுதித் தருவதும் ஒன்றுதான். தகவல் திரட்டப் பழக வேண்டும் என்று கொடுத்ததில், எங்கே தேடலாம் என்று ஏஐயிடம் கேட்பது வேறு விஷயம்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ‘எங்கள் ஊர்’ என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தேன். ஒரு பையன் இரண்டு பக்கம் கொண்டுவந்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. “காயல்களில் மிதக்கும் படகு வீடுகளும் ஓயாது பெய்யும் மழையும் எங்கள் ஊரின் அழகுக்கு அழகு சேர்க்கின்றன” என்று இருந்தது. எங்கள் பக்கம் மழை மறைவுப் பகுதி. பனையும் நிலக்கடலையும் காய்ந்த போர்வெல்லும்தான் உண்டு. காயலைப் பார்க்க ஆலப்புழைப் பக்கம் போக வேண்டும். கேரளா என்ற சொல்லைப் பார்த்ததும் ஏஐ தனக்குத் தெரிந்த கேரளாவை எழுதிக் கொடுத்துவிட்டது. பையன் அதைப் படிக்காமலே நோட்டில் ஏற்றியிருந்தான்.

நான் அவனைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, “காலையில் எழுந்ததும் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?” என்று மட்டும் கேட்டேன். சொன்னான். அதையே எழுது என்றேன். அரை மணி நேரத்தில் ஆறு வரி வந்தது. முதல் வரி இது: “தண்ணி லாரி ஹாரன் கேட்டால் எங்க அம்மிச்சி செருப்புகூடப் போடாமல் குடத்தை எடுத்துக்கிட்டு ஓடும்.”

அம்மிச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்ற பாட்டி. இந்த வரியை எழுத அந்தப் பையனால் மட்டும்தான் முடியும். எந்த ஏஐக்கும் அவன் அம்மிச்சியைத் தெரியாது. எழுத்துப் பயிற்சி என்று நாங்கள் தருவதெல்லாம் பிள்ளைகள் இந்த மாதிரி வரிக்கு வந்து சேர்வதற்காகத்தான். அந்த இடத்தை இன்னொன்றுக்கு விட்டுக்கொடுத்தால் இழப்பது மதிப்பெண்ணை மட்டும் என்று நினைக்காதீர்கள்.

அவ்வளவு தெளிவாக எழுதுகிறதே, அதில் தப்பு எப்படி வரும்?

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ கருவிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகியவை. ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்துத்தான் வாக்கியத்தைக் கட்டுகின்றன. தேடும் வசதி சேர்ந்த கருவிகள் இணையத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லும். ஆனாலும் இது உண்மையா என்று உறுதி செய்துகொண்டு வாய் திறக்கும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே தொனியில் சொல்லும்.

அதிகம் எழுதப்பட்ட விஷயம் என்றால் பெரும்பாலும் சரியாக வரும். நம் பக்கத்து விஷயங்கள் குறைவாகவே எழுதப்பட்டிருக்கின்றன, அங்கேதான் சறுக்கும். ஆழியாற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு மாணவி புராஜெக்ட் செய்தாள். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 999 ஆண்டுகளுக்குப் போடப்பட்டது என்று ஏஐ சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். 999 ஆண்டு என்பது 1886இல் போட்ட முல்லைப்பெரியாறு குத்தகைக் கணக்கு. இடுக்கி மாவட்டத்து அணை அது. நம்முடைய ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்ததாக வைத்துக்கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். இரண்டும் தமிழ்நாடு–கேரளம், இரண்டும் அணை, இரண்டும் ஒப்பந்தம் என்பதால் ஏஐ ஒன்றின் எண்ணை இன்னொன்றில் ஒட்டிவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பாவே மூலத்தறையிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவர். அவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி சொன்ன முன்தீர்ப்புகளை நம்பி மனுவில் சேர்த்தார்கள். அப்படி வழக்குகளே இல்லை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. ஆண்டு, எண், பெயர், மேற்கோள் இந்த நான்கையும் ஏஐ தந்தால், வேறொரு இடத்தில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். குறிப்பாக மேற்கோள். திருக்குறள் என்று சொல்லி இல்லாத குறளைக்கூட அது எழுதித் தரும். எண்ணைக் கேட்டு, புத்தகத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

தமிழில் கேட்டால் ஏன் ஒரு மாதிரி மேடைப்பேச்சு போலவே வருகிறது?

கற்றுக்கொடுக்கப்பட்ட எழுத்தில் ஆங்கிலம் மலையளவு, தமிழ் அதில் சிறு பங்கு. தவிர, இந்தக் கருவிகள் எழுத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. ஆங்கிலச் சொல் ஒன்று பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டில் முடிந்துவிடும், தமிழ்ச் சொல் அதைவிடக் கூடுதலான துண்டுகளாக உடையும். அதனால் கிடைத்த பொதுவான, வழவழப்பான தமிழையே எடுத்து நீட்டுகிறது.

எனக்குப் பெரிய கவலை இதில்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் தமிழ் கொங்குத் தமிழும் மலையாளமும் கலந்தது. ‘பிழை திருத்திக் கொடு’ என்று அந்தப் பையனின் கட்டுரையை ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தேன். அம்மிச்சியைப் பாட்டி ஆக்கியது. பக்கத்து வீட்டுச் சேச்சியை அக்கா ஆக்கியது. ஓடும் என்பதை ‘விரைந்து செல்வார்’ என்று மாற்றியது. ஒற்றுப்பிழை நான்கைச் சரியாகக் கண்டுபிடித்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் திருத்தி முடித்த கட்டுரையில் எங்கள் ஊர் இல்லை. எனவே பிழை பார்க்கச் சொல்லும்போது, “சந்திப்பிழை, எழுத்துப்பிழை எங்கே என்று காட்டு, நீயாக எதையும் மாற்றாதே” என்று சொல்லச் சொல்லித் தருகிறேன். எதை ஏற்பது, எதை விடுவது என்பதைப் பிள்ளை தன் பேனாவால் முடிவு செய்யட்டும்.

மலையாளச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்க ஏஐயைப் பயன்படுத்தும் சக ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரு மொழிக்கும் பொதுவாக இருக்கிற சொற்களில் கவனம் தேவை. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, வெள்ளம் என்றால் தண்ணீர், பட்டி என்றால் நாய். ‘எல்லாப் பிள்ளைகளுக்கும் பேச அவசரம் கொடுக்க வேண்டும்’ என்று ஒரு தமிழாக்கம் என் கைக்கு வந்தது. எழுத்து மாறியிருந்தது, மொழி மாறவில்லை. பெற்றோருக்குப் போகும் முன் பிடித்துவிட்டோம்.

அப்படியானால் பிள்ளைகள் தொடவே கூடாதா?

தாராளமாகத் தொடலாம். தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு இதைப் போல உதவி முன்பு கிடைத்ததில்லை. இரவு ஒன்பது மணிக்கு இயற்பியலில் ஒரு கணக்குப் புரியவில்லை என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு யாரிடம் போகத் தெரியும்? டியூஷன் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான். ‘இதைத் தமிழில், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி விளக்கு, விடையைச் சொல்லாதே, அடுத்த படியை மட்டும் சொல்’ என்று கேட்டால் நன்றாகவே விளக்குகிறது. பாடப்புத்தகத்தில் இருக்கிற கலைச்சொல்லையும் கூடக் கொடுத்துக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு சொல்லைப் போட்டுக் குழப்பும்.

எழுத்து வேலையில் எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு. ஏஐயை எழுதச் சொல்லாமல் கேள்வி கேட்கச் சொல்வது. பட்டிமன்றத்துக்குத் தயாராகும் ஒரு மாணவி, தன் பேச்சை முழுவதும் எழுதிவிட்டு, “நீ எதிரணி. என் பேச்சில் எங்கே ஓட்டை இருக்கிறது, ஐந்து கேள்வி கேள்” என்றாள். ஐந்தில் மூன்று சாதாரணக் கேள்விகள். ஒன்று அவளை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. யோசித்தது அவள்தான், அதனால் பேச்சும் அவளுடையதாகவே இருந்தது.

பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் மார்க் குறையுமா?

சொல்ல வேண்டும். என் வகுப்பில் சொன்னதற்காகக் குறைத்ததில்லை, மறைத்ததற்காகத் திருப்பி எழுதச் சொல்லியிருக்கிறேன். கட்டுரைக்குக் கீழே இரண்டு வரி போதும். ஒரு மாணவன் எழுதியது: “தலைப்பைப் பற்றி என்னென்ன எழுதலாம் என்று ஜெமினியிடம் கேட்டேன். எட்டு சொன்னது, மூன்றை எடுத்துக்கொண்டேன். வாக்கியங்கள் நான் எழுதியவை. எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னேன்.” இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஆசிரியர் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று அசைன்மென்ட் கொடுக்கும் அன்றே கரும்பலகையில் எழுதிப்போடாமல், பிறகு பிள்ளையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

என் மகள் சொந்தமாக எழுதினாள். ஏதோ ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்து ‘ஏஐ எழுதியது’ என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவின் கண் கலங்கியிருந்தது. வேறொரு பள்ளியில் நடந்தது.

அப்படிக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி ஒரு பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவி வெளியிட்டது. அவர்கள் சோதனையிலேயே, ஏஐ எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய தேர்வுக் கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை ஏஐ எழுதியதாகச் சொல்லின. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாம் மொழியில் எழுதும் பிள்ளை அப்படித்தானே எழுதும்? தமிழ்வழியில் படித்து ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் எழுதும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் ஆசிரியர் செய்ய வேண்டியது பேசுவதுதான். “இந்தப் பத்தியில் என்ன சொல்ல வந்தாய்? இந்தச் சொல் எங்கே கிடைத்தது?” ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் முதல் வரைவை நோட்டிலேயே எழுதச் சொல்கிறேன், அடித்தல் திருத்தலோடு. அடித்த வரிகள் பிள்ளை யோசித்ததற்குச் சாட்சி. அந்த அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன்: மகளின் ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு போய், ஹெச்.எம். முன்னால் அவளையே பேச விடுங்கள்.

ஆசிரியர்கள் மட்டும் பயன்படுத்தலாமா?

நியாயமான கேள்வி, ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் எழுந்து நின்று கேட்டது. விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

கேரளத்தில் 2024 மே முதல், பள்ளிகளின் தொழில்நுட்ப வேலைகளைப் பார்க்கும் அரசின் கைட் அமைப்பு, எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எடுக்கும் சுமார் 80,000 ஆசிரியர்களுக்கு ஏஐ பயிற்சி என்று மூன்று நாள் வகுப்பைத் தொடங்கியது. ஒரு பாடத்தை மூன்று நிலையில் மாற்றி எழுத, பயிற்சித்தாள் தயாரிக்க, படம் வரைய எல்லாம் ஏஐ உதவுகிறது. தமிழ்வழிக்குக் கூடுதல் பயிற்சிப் புத்தகங்கள் கிடைப்பது அரிது என்பதால் எங்களுக்கு இது பெரிய துணை.

ஆனாலும் நான் பட்டதைச் சொல்கிறேன். இலக்கணத் தேர்வுக்கு இருபது கேள்விகள் கேட்டு வாங்கினேன். அவசரத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பிரதி எடுத்துவிட்டேன். ஒரு கேள்வி: ‘பெயரெச்சத்தைத் தேர்ந்தெடு. படித்து, படித்த, ஓடி, ஓடிய.’ படித்த, ஓடிய இரண்டுமே பெயரெச்சம். விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருந்தது. ‘ஓடிய’ எழுதிய பதினோரு பிள்ளைகளுக்குத் தப்பு போட்டிருந்தேன். ஒரு பெண் தாளைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் உறைத்தது. வகுப்பில் மன்னிப்புக் கேட்டு, எல்லோருக்கும் மார்க் போட்டேன். அந்தத் தாளை ஏஐ உதவியோடு தயாரித்தேன் என்பதையும் சொன்னேன். பிள்ளைகளிடம் கேட்கிற அதே இரண்டு வரியை நானும் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்குப் பிறகு, ஒவ்வொரு கேள்விக்கும் நானே விடை எழுதிப் பார்க்காமல் தாளை வெளியே விடுவதில்லை.

கட்டுரைக்கு மதிப்பெண் போடும் வேலையை ஏஐயிடம் ஒப்படைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எஸ்.எஸ்.எல்.சி.யில் நூற்றுக்கு 20 தொடர் மதிப்பீட்டில் வருகிறது, அதை அந்தப் பிள்ளையை ஆண்டு முழுக்கப் பார்த்தவர்தான் போட வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு ஏஐ கொள்கை வெளியிட்டது. தீர்ப்புக்கும் முடிவெடுப்பதற்கும் ஏஐ கூடாது, ஏஐ செய்த மொழிபெயர்ப்பை மனிதர் சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. ஒரு பிள்ளையின் நோட்டுக்கும் அதே மரியாதை கிடைக்கட்டும்.

பிள்ளைகளின் விவரங்களை அதில் போடலாமா?

கூடாது. பெயர், போட்டோ, ராங்க் பட்டியல், வீட்டு நிலைமை எதுவும் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கணக்கிடுகிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்கிறது. ஒரு கட்டுரையைப் பற்றி ஏஐயிடம் கேட்க வேண்டும் என்றால் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

வகுப்பில் தனியாகப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும் என்று யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் தந்த வழிகாட்டுதல் சொல்கிறது. சாட்ஜிபிடியின் விதியும் 13தான், 18 வரை பெற்றோர் அனுமதியோடு. ஏஐ எப்படி வேலை செய்கிறது என்பதை அதற்கு முன்பே கற்றுத்தரலாம். கேரளத்தில் 2024–25 முதல் ஏழாம் வகுப்பு ஐ.சி.டி. (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) புத்தகத்தில் அது வந்துவிட்டது. முகபாவனையை அடையாளம் காணும் சின்ன புரோகிராம் ஒன்றைப் பிள்ளைகளே செய்கிறார்கள். தாமே ஒன்றைச் செய்து, அது சிரித்த முகத்தை அழுத முகம் என்று சொல்வதைப் பார்த்த பிள்ளை, அப்புறம் எந்த ஏஐயையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாது.

வீட்டில் நல்ல போன் இல்லாத பிள்ளைகள்?

எழுதும் வேலையைக் கூடிய மட்டும் வகுப்பிலேயே வைக்கிறேன். தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோரின் ஒரே போன் இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். ஏஐ தேவைப்படும் வேலை என்றால் பள்ளி கம்ப்யூட்டர் லேபில், இருவர் மூவராக.

மகன் கல்லூரியில் ஆய்வேடு எழுதுகிறான். ‘சதவீதம் குறைவாக வந்தால் போதும்’ என்கிறான். சரியா?

அவன் சொல்வது, எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் நடவடிக்கை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் அந்த எண் ஏற்கெனவே உள்ள எழுத்தோடு ஒத்துப்போவதை மட்டும் அளக்கிறது. ஏஐ புதிதாகக் கோத்துத் தந்த பத்தியில் சதவீதம் குறைவாகவே வரும். எண் குறைவு என்பதால் எழுத்து அவனுடையது ஆகிவிடாது. வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

மகன் போனில் ஏஐயிடம் சொல்லி, வில்லேஜ் ஆபீஸுக்கு எனக்கு மலையாளத்தில் மனு எழுதித் தந்தான். அதுவும் தப்பா டீச்சரே?

தப்பே இல்லைங்க. அது உங்கள் படிப்பை அளக்கும் தேர்வு கிடையாது, உங்கள் வேலை நடக்க வேண்டும். இதற்கு ஏஐயைப் பயன்படுத்துவதில் எனக்குச் சந்தோஷம்தான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழர்கள் சிறுபான்மையாக வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் பெறலாம். மலையாளத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்திருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை.

மலையாளத்திலேயே கொடுப்பதாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன் மகனை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சர்வே எண், பரப்பளவு, அப்பா பெயர் மூன்றையும் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். போன வாரம் ஒருவர் கொண்டுவந்த மனுவில் ‘ஏக்கர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சென்ட்’ என்று இருந்தது.